ருமேனியச் சொல்லின் வேரைப் பற்றி வாதாடக் கிளம்புமுன்

ருமேனிய மொழியில் தண்ணீருக்கு 'ஆப்ப' என்று பெயர். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் துள்ளிக் குதிக்காத குறைதான். பிருதிவி, அப்பு, தேயு, வாயு என்று நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்த அதே அப்பு! சமஸ்கிருதத்து 'அப்' கார்பாத்திய மலையடிவாரம் வரை எப்படிப் போனது என்று மனதுக்குள் ஒரு கதையே கட்டி, மொழியியல் படித்த நண்பர் ஒருவருக்கு நீளமாக எழுதியும் அனுப்பிவிட்டேன். அவர் ஒரே வரியில் கேட்டார்: "பெண்குதிரைக்கு அங்கே என்ன சொல்கிறார்கள், பார்த்தாயா?" பார்த்தேன். 'யாப்ப'. லத்தீனில் பெண்குதிரை 'எக்வா', தண்ணீர் 'அக்வா'. என் கதை அங்கேயே படுத்துவிட்டது.

இந்த மொழியின் சொற்களைப் பற்றி ஓயாமல் சண்டை நடக்கிறது. லத்தீன் என்கிறார்கள், ஸ்லாவியம் (ரஷ்யன், பல்கேரியன் எல்லாம் சேர்ந்த குடும்பம்) என்கிறார்கள், தாசியம் (ரோமானியர் வருமுன் அங்கே பேசிய மொழி) என்கிறார்கள், லத்தீனே இதிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லும் கோஷ்டிகூட உண்டு. புதிதாக உள்ளே நுழைகிறவர்கள் பெரும்பாலும் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். அதனால் நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

உச்சரிப்பைப் பற்றி முதலிலேயே ஒன்று. ருமேனியனில் பிறைக்குறி போட்ட எழுத்து ஒன்று உண்டு, அது வாய்க்குள் மங்கிப்போன 'அ'. தொப்பி போட்ட இன்னொரு எழுத்து நம் குற்றியலுகரத்துக்குக் கிட்டத்தட்ட வரும், 'காசு', 'பாட்டு' என்பதன் கடைசி ஒலி மாதிரி. கீழே அதை 'உ' என்றே எழுதியிருக்கிறேன். ஆங்கிலப் புத்தகம் வைத்துக் கற்பவர்களைவிட இந்த ஒலியில் நமக்குச் சிரமம் குறைவு.

1. தனிச்சொல்லைப் பார்க்காதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள்

ஒரு சொல் இன்னொரு மொழிச் சொல்லைப் போல ஒலிக்கிறது என்றால், அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதே ஒலி அதே இடத்தில் அதே மாதிரி மாறிய இன்னும் நாலு சொல் கிடைக்கிறதா என்று தேட வேண்டும். லத்தீன் 'க்வ' ருமேனியனில் 'ப' ஆகிறது: அக்வா ஆப்ப ஆனது, எக்வா யாப்ப ஆனது, நான்கைக் குறிக்கும் க்வாத்துவோர் பாத்ரு ஆனது. 'லிங்குவா' (நாக்கு, மொழி) 'லிம்ப' ஆனதும் இதே குடும்பத்து மாற்றம்தான். ஸார்தீனியத் தீவிலும் இதைப் போலவே நடந்திருக்கிறது, அங்கே தண்ணீர் 'அப்பா'. வெறும் ஒலி ஒற்றுமையை நம்பினால் தண்ணீரை நம் தகப்பனாரோடும் சேர்த்துவிடலாம்.

இன்னும் இரண்டு விதிகளைக் கையில் வைத்திருந்தால் பாதி வாதங்களைச் சமாளிக்கலாம். லத்தீன் 'க்த' ருமேனியனில் 'ப்த' ஆகும்: நொக்தெம் (இரவு) ந்வாப்தெ, லக்தெம் (பால்) லாப்தெ, ஒக்தோ (எட்டு) ஒப்த். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஒற்றை 'ல' 'ர' ஆகும்: ஸோலெம் (சூரியன்) ஸ்வாரெ, ஸாலெம் (உப்பு) ஸாரெ, குலா (தொண்டை) கூர. கடைசிச் சொல்லில் பொருளும் கொஞ்சம் நகர்ந்து 'வாய்' ஆகிவிட்டது. சொல் முதலில் வரும் 'ல' அப்படியே நிற்கும், லிம்பவில் நிற்கிறதே, அது போல.

2. அகராதியின் சுருக்கெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ருமேனிய அகாதெமியின் விளக்க அகராதியை எல்லாரும் 'டெக்ஸ்' என்று சொல்வார்கள், முதல் பதிப்பு 1975. 'டெக்ஸ்ஆன்லைன்' என்ற தளத்தில் இதுவும் வேறு பல அகராதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லைத் தட்டினால் பதிவின் கடைசியில் வேர் இருக்கும். புதியவர்கள் தவறவிடுவது அந்தக் கடைசி வரியில் உள்ள ஒரு சின்ன விஷயத்தை.

அங்கே மொட்டையாக 'லத்.' என்று மட்டும் இருந்தால், அது வாய்வழியாக, தலைமுறை தலைமுறையாக வந்த சொல். 'தின் லத்.' என்று இருந்தால் ('தின்' என்றால் 'இலிருந்து') பிற்காலத்தில் படித்தவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்துப்போட்டது. ஒரே ஓர் உருபு, ஆனால் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. நம் இலக்கணக்காரர்கள் வடசொல்லைத் தற்பவம், தற்சமம் என்று பிரித்தார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 'ஒப்பிடுக: அல்பேனியன்' என்பதன் சுருக்கம் இருந்தால் அதற்குத் தனிக் கதை உண்டு, பிறகு வருகிறேன். 'வேர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமும் அடிக்கடி கண்ணில் படும். அதைப் பார்த்தவுடன் நாமே ஒரு வேரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அகராதி இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. 'த்ரெப்த்' என்றால் நேரான, சரியான. 'திரெக்த்' என்றாலும் நேரடியான. இரண்டும் ஒரே லத்தீன் சொல்லில் போய் முடிகின்றன. முதலாவதில் 'க்த' 'ப்த' ஆகியிருக்கிறது, அதனால் அது வீட்டுப் பிள்ளை. இரண்டாவதில் 'க்த' அப்படியே இருக்கிறது, அது பிரெஞ்சு வழியாக வந்த விருந்தாளி. இரவு 'ந்வாப்தெ', ஆனால் 'இரவுக்குரிய' என்பதற்கு 'நொக்துர்ன்'. கிழவர் 'பத்ருன்', போர் அனுபவஸ்தர் 'வெத்தெரான்'. இப்படி ஜோடி ஜோடியாகப் பத்து சேர்த்துப் பாருங்கள், எது பழசு எது புதுசு என்று காதே சொல்ல ஆரம்பித்துவிடும்.

3. எப்போது வந்தது என்று கேளுங்கள்

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

லத்தீன் 'லானா' (கம்பளி) ருமேனியனில் 'லுன' ஆனது. 'மனுஸ்' (கை) 'முன' ஆனது. அதாவது 'ன'வுக்கு முன் வந்த 'அ' நம் குற்றியலுகரம் மாதிரி சுருங்கிவிட்டது. சரி, ஸ்லாவிய மொழியில் காயத்துக்கு 'ரானா'. ருமேனியனில் அது 'ரான'. உணவு 'ஹ்ரானா', ருமேனியனில் 'ஹ்ரான'. ஏன் இவை 'ருன', 'ஹ்ருன' என்று ஆகவில்லை? அந்த ஒலி மாற்றம் ஓய்ந்த பிறகுதான் இந்தச் சொற்கள் வந்து சேர்ந்தன. ஸ்லாவியர் பால்கன் பகுதியில் பரவியது 6, 7-ஆம் நூற்றாண்டுகளில். அந்தச் சொற்களில் பெரும்பகுதி உள்ளே வந்தபோது லத்தீனிலிருந்து ருமேனியனாகும் அடிப்படை வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தது. கல்வெட்டு இல்லை, ஓலை இல்லை, ஆனால் ஓர் உயிரெழுத்து காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறது.

உடனே இதை வைத்து எல்லாரையும் மடக்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். 'ஸ்தப்புன்' (எஜமான்), 'ஸ்முந்துன' (பாலாடை) என்று சில சொற்கள் ஸ்லாவியம் போலத் தெரிந்தும் அந்த மாற்றத்துக்கு ஆளாகியிருக்கின்றன. இவை மிகப் பழைய ஸ்லாவியக் கடனா, ஸ்லாவியருக்கும் முந்திய வேறு எதுவுமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வாதத்தில் யாராவது இந்த இரண்டையும் தூக்கிப்போட்டால், அவர் விஷயம் தெரிந்தவர், மரியாதையாகப் பேசுங்கள்.

எழுத்துச் சான்று என்று பார்த்தால் ருமேனியன் ரொம்பத் தாமதம். நமக்குக் கிடைத்திருப்பதில் தேதி சொல்லக்கூடிய மிகப் பழைய ருமேனியப் பிரதி 1521-ல் எழுதிய ஒரு கடிதம்தான். கும்புலுங் ஊர்க்காரரான நியாக்ஷு, பிரஷோவ் நகரத் தலைவருக்குத் துருக்கியப் படை நடமாட்டம் பற்றி எழுதிய எச்சரிக்கை. எழுத்து சிரில்லிக் (ரஷ்யனுக்கு இன்றும் உள்ள எழுத்து வகை), தொடக்க வணக்கம் ஸ்லாவோனியம் (தேவாலயத்தில் புழங்கிய பழைய ஸ்லாவிய மொழி), விஷயத்துக்கு வந்தவுடன் ருமேனியன். அதற்கு முந்தைய காலத்துக்கு ஒலி விதிகளும் அண்டை மொழிகளும்தான் சாட்சி.

4. தெற்கே இருக்கும் உறவினரைக் கேளுங்கள்

டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே, கிரீஸ், அல்பேனியா, வட மாசிடோனியா பக்கம் ஆரோமானியன் என்ற மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ருமேனியனுக்கு உடன்பிறந்த மொழி, பல நூற்றாண்டுக்கு முன் பிரிந்தது. ஒரு சொல் இரண்டிலும், அதற்குரிய ஒலி மாற்றத்தோடு இருந்தால், பிரிவதற்கு முன்பே இருந்த சொல் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ருமேனியனில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நகரத்துக்கு ருமேனியனில் 'ஒராஷ்', ஹங்கேரியனின் 'வாரோஷ்' என்பதிலிருந்து வந்தது. நினைப்பு 'குந்த்', அதுவும் ஹங்கேரியன். இவை ஆரோமானியனில் கிடையாது, ஏனென்றால் அவர்களுக்கு ஹங்கேரியர் அண்டை வீட்டாராக இருந்ததில்லை.

5. 'தாசியச் சொல்' என்று யாராவது சொன்னால்

ரோமாபுரிப் பேரரசன் திராயான் தாசியாவை (இன்றைய ருமேனியப் பகுதி) 106-ல் பிடித்தான். 270-களில் பேரரசன் அவுரேலியன் படையையும் நிர்வாகத்தையும் திரும்ப அழைத்துக்கொண்டான். அதற்கு முன் அங்கே பேசிய தாசிய மொழியில் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒரு நூல், ஒரு நீண்ட வாசகம்கூட நம்மிடம் இல்லை. ஊர்ப்பெயர், ஆள்பெயர், பண்டைய மருத்துவ நூல்களில் எழுதிவைத்த சில மூலிகைப் பெயர், அவ்வளவுதான். ஆகவே 'இது தாசியம்' என்று நேரடியாகக் காட்ட வழியே இல்லை.

அப்புறம் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அல்பேனியனை வைத்து. அங்கேதான் அகராதியின் 'ஒப்பிடுக' வருகிறது. பட்டாணி ருமேனியனில் 'மாஸரெ', அல்பேனியனில் 'மொதுல்'. மண்ணில் வளை தோண்டி வாழும் குட்டைக்கால் விலங்கு ஒன்று, ஆங்கிலத்தில் பேட்ஜர், அது ருமேனியனில் 'வியெஸுரெ', அல்பேனியனில் 'வியெதுல்'. ஒரு பக்கம் 'ஸ' வரும் இடத்தில் மறுபக்கம் பல்லில் நாக்கு தொடும் மென்மையான 'த' வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், மொதுல் முடிவில் 'ல', மாஸரெ முடிவில் 'ர'. முதல் படியில் பார்த்த ஸோலெம்–ஸ்வாரெ விதி இங்கேயும் வேலை செய்திருக்கிறது! அதாவது இந்தச் சொற்கள் லத்தீன் சொற்களோடு ஒன்றாக உட்கார்ந்து அதே மாற்றத்துக்கு ஆளாகியிருக்கின்றன. அவ்வளவு பழசு. ஊசியிலை மரமான 'ப்ராத்', உதடான 'பூஸ', வெள்ளாட்டுக் கடாவான 'த்ஸாப்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். கறாராகக் கணக்கெடுப்பவர்கள் 90-க்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள், தாராளமானவர்கள் 160 வரை போவார்கள். பெரும்பாலும் மரம், மலை, ஆட்டுமந்தை, உடல் உறுப்பு.

இவற்றைத் தாசியம் என்பதா, திரேசியம் (பால்கனில் பேசி அழிந்துபோன இன்னொரு பழைய மொழி) என்பதா, அல்பேனியனின் முன்னோர் மொழி என்பதா? பேர் வைப்பதில்தான் சண்டை. 'அடித்தளச் சொல்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பத்திரம்.

6. பக்கத்து வாசலா, ஆதி ஊற்றா?

'இந்தச் சொல் எங்கிருந்து வந்தது' என்பதில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. கடைசியாக யார் கையிலிருந்து வாங்கினார்கள் என்பது ஒன்று. அந்தக் கைக்கு முதலில் எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பினால் விடிய விடிய பேசலாம்.

இஞ்சிக்கு ருமேனியனில் 'கிம்பிர்'. வாங்கியது ஹங்கேரியனின் 'ஜ்யோம்பேர்' என்பதிலிருந்து. அதற்கு மூலம் லத்தீன், லத்தீனுக்குக் கிரேக்கத்தின் 'ஸிங்கிபெரிஸ்', கிரேக்கத்துக்குப் பாலி வழக்கான 'சிங்கிவேர', அதற்குப் பின்னால் நம் இஞ்சியும் வேரும். அதனால் கிம்பிர் தமிழ்க் கடன் என்று சொல்லலாமா? கூடாது. ருமேனியருக்கு அது ஹங்கேரியக் கடன். ஆதி ஊற்று திராவிடம் என்பது வேறு வாக்கியம். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டுமே சரி.

துருக்கியச் சொற்களிலும் இதே கதை. ஒஸ்மானியர் ஆதிக்கக் காலத்தில் நூற்றுக்கணக்கில் வந்தவை: காப்பி 'காஃபியா', அலமாரி 'துலாப்', புளிப்பு சூப் 'ச்யோர்ப', எதிரி 'துஷ்மான்'. 'மைதான்' என்றால் அங்கே ஊருக்குள் சும்மா கிடக்கும் வெற்றிடம், நமக்கு மைதானம். 'முஸாஃபிர்' அங்கே விருந்தாளி, நம் ஊரில் பழைய முசாபரி பங்களாவில் தங்கும் பயணி. இவை ருமேனியாவும் தமிழ்நாடும் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டவை அல்ல. அரபும் பாரசீகமும் ஒரு கையால் துருக்கிக்கும் மறு கையால் இந்துஸ்தானுக்கும் கொடுத்தவை.

7. சொல்லின் உடல் ஒன்று, உயிர் வேறு

'லூமெ' என்றால் உலகம். லத்தீன் 'லூமென்' என்றால் வெளிச்சம். வெளிச்சம் எப்படி உலகமானது? ஸ்லாவியத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. ருமேனியர் லத்தீன் உடலை வைத்துக்கொண்டு ஸ்லாவியப் பொருளை அதற்குள் ஊற்றிவிட்டார்கள். அகராதியில் 'லத்.' என்றுதான் இருக்கும், பாதி உண்மை அதில் விழாது.

பதினொன்றைப் பாருங்கள். நாம் பத்தைச் சொல்லி ஒன்றைச் சேர்க்கிறோம். ருமேனியர் 'உன்ஸ்ப்ரெஸெச்செ' என்கிறார்கள், 'பத்தின் மேல் ஒன்று'. துண்டுகள் எல்லாமே லத்தீன், அடுக்கியது ஸ்லாவிய முறையில். தலைகீழ் உதாரணமும் உண்டு: 'தெ யுபெஸ்க்', 'உன்னைக் காதலிக்கிறேன்'. யுபி என்ற வேர் ஸ்லாவியம், முன்னால் உள்ள 'தெ' லத்தீன், பின்னால் ஒட்டிய 'எஸ்க்' விகுதியும் லத்தீன் வழி. ஒரு காதல் வாக்கியத்தை எந்த மொழிக் கணக்கில் எழுதுவது?

8. சதவீதம் சொன்னால் 'எதை எண்ணினீர்கள்' என்று கேளுங்கள்

1870-லும் 1879-லும் அலெக்ஸாந்த்ரு சிஹாக் என்ற மொழி ஆய்வாளர் ருமேனியனுக்கு ஒரு வேர்ச்சொல் அகராதியை இரண்டு பகுதியாகப் போட்டார். அவர் கணக்கில் ஸ்லாவியம் 2,361, லத்தீன் 1,165, துருக்கியம் 965, கிரேக்கம் 635, ஹங்கேரியன் 589, அல்பேனியன் 50. அதாவது லத்தீன் ஐந்தில் ஒரு பங்குதான். தலைநகர் புக்காரெஸ்டில் எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ருமேனிய மொழியறிஞர் ஹஸ்தெவு சொன்ன பதில் இன்றும் மேற்கோளாகிறது: சொற்களைத் தலை எண்ணாதீர்கள், எத்தனை தடவை புழங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு நாணயத்தின் மதிப்பு அது கைமாறுவதில் இருப்பது போல.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 'நல்ல மனிதன் ரொட்டியும் பாலும் கொண்டு வீட்டுக்கு வருகிறான்' என்பதை முழுக்க லத்தீன் வழிச் சொற்களால் ருமேனியனில் சொல்லிவிடலாம். வெறும் ஸ்லாவியச் சொற்களால் ஒரு வாக்கியம்கூடக் கட்ட முடியாது, ஏனென்றால் 'உம்', 'உடன்', 'ஒரு' என்று ஒட்டவைக்கும் சாந்தெல்லாம் லத்தீன். என் கட்சி ஹஸ்தெவு பக்கம்தான். ஆனால் நண்பன் 'ப்ரியெதென்', மனைவி 'நெவாஸ்த', பணக்காரன் 'பொகாத்', ஏழை 'ஸராக்' எல்லாம் ஸ்லாவியம் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை.

சிஹாக் எண்ணியதற்குப் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்துவிட்டன என்பதையும் மறக்காதீர்கள். இன்றைய அகராதியை எண்ணினால் எல்லா விகிதமும் மாறிவிடும்.

9. மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது

சொல்லைப் பற்றிய வாதம் பல நேரம் நிலத்தைப் பற்றிய வாதம். இன்று ருமேனியாவில் இருக்கும், ஹங்கேரியரும் சொந்தம் கொண்டாடும் திரான்சில்வேனியாவில் யார் முதலில் இருந்தார்கள்? 1871-ல் ரோஸ்லர் என்ற ஆஸ்திரிய அறிஞர், ருமேனியர் டான்யூபுக்குத் தெற்கிலிருந்து பிற்காலத்தில் வடக்கே வந்தவர்கள் என்ற கருத்தை விரிவாக எழுதினார். அல்பேனியனோடு பொதுவான சொற்கள் அவர் பக்கத்தாருக்கு ஆதாரம். தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தோம் என்பவர்களுக்கோ அதே சொற்கள் தாசியர் விட்டுப்போன சொத்து. ஒரே பட்டாணி, இரண்டு கட்சிக்கும் சாட்சி.

இதே 1871-ல் லவுரியன், மாஸிம் என்ற இரண்டு ருமேனிய அறிஞர்கள் ஒரு பெரிய ருமேனிய அகராதியைத் தொடங்கி 1876-ல் முடித்தார்கள். லத்தீன் அல்லாத சொற்களைத் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்தார்கள். மக்கள் சிரித்தார்கள். 'யுபி'யை யார் விடுவார்கள்? தனித்தமிழ் முயற்சிகளைப் பார்த்த நமக்கு அந்த ஆசையும் புரியும், அந்தச் சிரிப்பும் புரியும்.

அதனால் யாராவது ஒரு சொல்லை ஆவேசமாக இழுத்தால், அவர் எந்த ஊர் எல்லைக்கோட்டை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று

ரோஜாவுக்கு ருமேனியனில் 'த்ரந்தஃபீர்'. கிரேக்கத்தில் 'த்ரியந்தாஃபிலோ', 'முப்பது இதழ்'. கிரேக்கத்தில் 'ல', ருமேனியனில் 'ர'. ஆகா, முதல் படியின் விதி, ஆகவே மிகப் பழைய சொல் என்று எழுதத் தோன்றுகிறதா? பேனாவைக் கீழே வைத்துவிட்டு பல்கேரியனைப் பாருங்கள், அங்கே 'த்ரெந்தஃபில்'. அகராதியைப் பாருங்கள், 'நவீன கிரேக்கத்திலிருந்து' என்று இருக்கும். அந்த ல–ர விதி ஓய்ந்து பல நூற்றாண்டு ஆன பிறகு வந்த பூ அது. சொல்லின் தொடக்கத்தில் ஏற்கெனவே ஒரு 'ர' இருக்கிறது பாருங்கள், சந்தேகத்தை அதன் மேல் வைத்துத் தேட ஆரம்பியுங்கள்.